ஆறு அங்குல அறை

விமானி உட்காரும் இடத்துக்கு ஆங்கிலத்தில் ‘காக்பிட்’ என்று பெயர். பிரித்துப் பார்த்தால் சேவற்குழி. ஒரு காலத்தில் இங்கிலாந்தில் சேவற்சண்டை நடந்த வட்டமான பள்ளத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு போர்க்கப்பலின் அடித்தளத்தில், வெளிச்சம் எட்டாத ஒரு மூலைக்கு அது போய்ச் சேர்ந்தது. யுத்தம் நடக்கும்போது காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு வந்து கிடத்தி, வைத்தியர் கை கால்களை அறுத்த இடம் அது. 1805-ல் டிரஃபால்கர் சண்டையில் குண்டடிபட்ட நெல்சன் உயிர்விட்டது தன் கப்பலின் காக்பிட்டில்தான். பிறகு சிறு படகுகளில் சுக்கான் பிடிப்பவன் உட்காரும் பள்ளத்துக்கு அந்தப் பெயர் வந்தது. அங்கிருந்து ஆகாயத்துக்கு ஏறியது.

சேவல், ரத்தம், சுக்கான் மூன்றும் ஒரு சொல்லில் அடங்கியிருப்பதைப் பாருங்கள். போர் விமானத்தின் காக்பிட்டைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சரித்திரம் எழுதிவிட முடியாது. ஆனால் நான் எழுத வந்தது அசல் காக்பிட்டைப் பற்றி மட்டும் அல்ல. அதைப்போலச் செய்யப்படும் மாதிரிகளைப் பற்றி. கைக்குள் அடங்கும் பொம்மைகளும் உண்டு. ஆள் உட்காரக்கூடிய பொய் அறைகளும் உண்டு. இரண்டுக்கும் சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

போடிநாயக்கனூருக்குத் தெற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது தேவாரம். காலையில் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் புறப்படும் ஊர். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு, யுத்த காலத்து ஸ்பிட்ஃபயர் விமானத்தின் காக்பிட்டை நான் ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவில் செய்துகொண்டிருக்கிறேன். அதாவது, அசலில் ஓர் அடி என்றால் மாதிரியில் ஓர் அங்குலம். ஆறடி நீளமுள்ள பகுதி ஆறு அங்குலத்தில் முடிந்துவிடும். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மிகவும் சௌகரியம். மரம் வாங்கப் போனபோது பட்டறையில் இருந்த ஆசாரி, வயதில் என்னைவிடப் பெரியவர், என்ன மரம் வேண்டும் என்று கேட்டார்.

“இலவ மரத்துத் துண்டு இருந்தால் கொடுங்கள் அண்ணே.”

“இலவமா? அது தீக்குச்சிக்கு ஆகும். வேறு என்னத்துக்கு ஆகும் தம்பி?”

“ஆகாய விமானத்துக்கு ஆகும்.”

அவர் நம்பவில்லை. ஆனால் அதில் பெரிய பொய் எதுவும் இல்லை. போடி வட்டாரத்தில் பஞ்சுக்காக வளர்க்கிறோமே, அந்த இலவமும், தென் அமெரிக்காவில் வளரும் பால்சா என்ற மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் கையில் எடுத்தால் காற்றாய் இருக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும். அந்தப் பால்சா மரத்தை நடுவிலே வைத்து, இரண்டு பக்கமும் பர்ச் மரத்தின் மெல்லிய ஒட்டுப் பலகைகளைச் சேர்த்து, இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு போர் விமானமே செய்தார்கள். டி ஹாவிலண்ட் கம்பெனியாரின் மொஸ்கிட்டோ. கொசு என்று பொருள். 1940 நவம்பரில் முதன்முதலாகப் பறந்தது. அலுமினியத்துக்குத் தட்டுப்பாடாக இருந்த காலத்தில், நாற்காலியும் பீரோவும் செய்துகொண்டிருந்த பட்டறைகள் அதன் பாகங்களைச் செய்து கொடுத்தன. வேகத்தில் அந்த மர விமானம் உலோக விமானங்களைத் தோற்கடித்தது.

அந்தக் கொசு நம் தேசத்துக்கு வந்தபோது மட்டும் ஒரு விபரீதம் நேர்ந்தது. 1944-ல் இந்தியாவிலும் பர்மா எல்லையிலும் சில மொஸ்கிட்டோக்களின் இறக்கைகள் ஆகாயத்திலேயே பிரிந்து விழுந்தன. அவ்வருஷம் நவம்பரில் எல்லா விமானங்களையும் தரையில் நிறுத்திச் சோதித்தார்கள். வெயிலும் ஈரமும் காரணம் என்றார்கள் சிலர். பசை காரணம் என்றார்கள் சிலர். பலகைகளைச் சரியாகப் பொருத்தாமல் பசையைக் கொண்டு இட்டு நிரப்பியதுதான் காரணம் என்றும் சொன்னார்கள். ‘சேராத பலகையைப் பசை சேர்க்காது’ என்பது எந்த ஆசாரிக்கும் தெரிந்த பாடம். அந்தப் பாடத்தைக் கற்க அங்கே சில உயிர்கள் போயின.

மொஸ்கிட்டோவுக்கும் தமிழ் நாட்டுக்கும் வேறொரு சம்பந்தமும் உண்டு. அதை ஓட்டிய பிரிட்டிஷ் விமானப் படைப் பிரிவுகளில் ஒன்று 264-ஆம் பிரிவு. அதன் முழுப் பெயர் ‘264 (மதராஸ் ராஜதானி) ஸ்குவாட்ரன்’. மதராஸ் ராஜதானியில் வசூலித்து அனுப்பிய யுத்த நிதிக்கு நன்றியாகச் சூட்டப்பட்ட பெயர். 79-ஆம் பிரிவுக்கும் 234-ஆம் பிரிவுக்கும்கூட இதே பெயர் உண்டு. ஸ்பிட்ஃபயர் ஒன்றுக்கு 5,000 பவுன் என்று ஒரு பேச்சுக்கு விலை வைத்து, சாம்ராஜ்யத்தின் மூலை முடுக்குகளில் எல்லாம் அப்போது பணம் திரட்டினார்கள். கொடுத்தவர்களில் மனமுவந்து கொடுத்தவர்களும் இருப்பார்கள்; அதிகாரியின் முகத்துக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் இருப்பார்கள். காங்கிரஸ் மந்திரிசபை 1939 அக்டோபரில் ராஜினாமா செய்துவிட்டுப் போயிருந்த காலம் அது. எங்கள் சம்மதம் கேட்காமல் எங்களை யுத்தத்தில் இழுத்துவிட்டீர்களே என்று தேசம் கேட்டுக்கொண்டிருந்தபோது, தேசத்தின் பெயர் லண்டன் ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தது.

264-ஆம் பிரிவு முதலில் ஓட்டியது டிஃபயண்ட் என்ற விமானம். அதில் விமானிக்கு முன்னோக்கிச் சுடும் துப்பாக்கி கிடையாது. பின்னாலிருந்த சுழலும் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தவன்தான் சுடவேண்டும். 1940 ஆகஸ்டில் அந்தப் பிரிவுக்கு ஏற்பட்ட சேதத்தைத் தாங்க முடியாமல் பகல் சண்டையிலிருந்தே அதை விலக்கிக்கொண்டார்கள். 234-ஆம் பிரிவு அந்தச் சண்டையில் ஸ்பிட்ஃபயர்களை ஓட்டியது. 79-ஆம் பிரிவு ஹரிக்கேன்களுடன் 1942-ல் இந்தியாவுக்கே வந்து பர்மா முனையில் போரிட்டது. கயத்தாறு, உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு என்று நம் பொட்டல்களில் அந்த யுத்தத்துக்காகப் போட்ட ஓடுதளங்கள் இன்றும் கிடக்கின்றன. நான் ஸ்பிட்ஃபயரைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தப் பெயர்தான் காரணம். நம் ஊர்ப் பெயரைச் சுமந்த ஓர் அறைக்குள் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

இனி, சிறிய மாதிரிகளின் கதை. விமான மாதிரிகளில் உலகமெங்கும் வழங்குவது ஒன்றுக்கு எழுபத்திரண்டு என்ற அளவு. இது எங்கிருந்து வந்தது என்று பலரும் வியப்பதுண்டு. ஓர் அங்குலத்துக்கு ஆறடி, அவ்வளவுதான். ஆறடி மனிதன் ஓர் அங்குலப் பொம்மையாவான். 1930-களில் இங்கிலாந்தில் ‘ஸ்கைபேர்ட்ஸ்’ என்ற பெயரில் மரத் துண்டுகளாக விற்ற மாதிரிகள் இந்த அளவைப் பரப்பின. 1936-ல் ‘ஃபிராக்’ என்ற கம்பெனி ‘பென்குவின்’ என்ற பெயரில் பிளாஸ்டிக்கில் வார்த்த பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்றது. அதற்கு முன்னால் அப்படி யாரும் செய்ததில்லை. ஏர்ஃபிக்ஸ் கம்பெனியாரின் முதல் ஸ்பிட்ஃபயர் 1953-ல் வந்தது. அது விளையாட்டுச் சாமானாக மலிவு விலையில் வந்தது. அதே கம்பெனி 1970-ல் ஒன்றுக்கு இருபத்து நாலு அளவில் ஒரு பெரிய ஸ்பிட்ஃபயரைக் கொண்டுவந்தபோதுதான், உள்ளே எட்டிப் பார்க்கும்படியான ஒரு காக்பிட் கடைச் சரக்காயிற்று.

நடுவிலே யுத்தம் இந்தப் பொம்மைகளைப் பட்டாளத்தில் சேர்த்துக்கொண்டது. 1942-ல் அமெரிக்கக் கடற்படை, பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மர விமானங்கள் கேட்டது. ஐம்பது ரகம், ரகத்துக்குப் பத்தாயிரம், எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு, எல்லாவற்றுக்கும் கறுப்பு வர்ணம். வருகிற விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்பதை நிழலுருவைக் கண்டே சொல்லப் பழக்குவதற்காக. கணக்கைப் பாருங்கள்: 35 அடி தூரத்தில் தொங்கும் அந்த மாதிரி, 2,520 அடிக்கு அப்பால் வரும் அசல் விமானத்தைப் போலத் தெரியும். சுமார் அரை மைல். மாதிரி செய்து கொடுத்த பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த விமானங்களுக்குக் காக்பிட் கிடையாது. வெளியிலிருந்து சுடுகிறவனுக்கு உள்ளே இருக்கும் மனிதன் தேவையில்லை அல்லவா?

உள்ளே இருக்கும் மனிதனைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் வேறு. அவர்கள் செய்தது ஆள் உட்காரும் மாதிரிகளை.

முதலாமவர் எட்வின் லிங்க். அமெரிக்காவில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் அவருடைய தகப்பனார் ஆர்கன் வாத்தியங்களும் தானே வாசிக்கும் பியானோக்களும் செய்யும் தொழிற்சாலை வைத்திருந்தார். மகனுக்கு விமானம் ஓட்டப் பித்து. பாடம் கற்கப் பணம் ஏராளமாகச் செலவாயிற்று. தரையிலேயே கற்க வழி தேடி, வாத்தியத்தின் துருத்திகளை எடுத்து ஒரு மரக் காக்பிட்டின் அடியில் வைத்தார். 1929-ல் அது உருவாயிற்று. கோலை அசைத்தால் துருத்தியில் காற்று ஏறி இறங்கும். பெட்டி சாயும், நிமிரும், திரும்பும். நம் கொல்லுலைத் துருத்தியின் பெரியப்பா பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதை வாங்கியவர்கள் கேளிக்கைப் பூங்காக்காரர்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் சுமக்கப் போய், பனியிலும் மூடுபனியிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டத் தெரியாமல் வரிசையாக விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் ஆறு லிங்க் இயந்திரங்களை வாங்கியது. யுத்தத்தில் நேச நாட்டு விமானிகள் லட்சக்கணக்கில் அந்தச் சின்னப் பெட்டியில் உட்கார்ந்து பழகினார்கள். அதில் விழுந்தால் வாத்தியார் திட்டுவார், அவ்வளவுதான்.

இரண்டாமவர் கென்னத் கிரெய்க். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் மனோதத்துவம் படித்தவர்; கையால் நுட்பமான கருவிகள் செய்வதில் வல்லவர். 1940-ல் அங்கே ஸ்பிட்ஃபயர் காக்பிட் ஒன்றைக் கொண்டு ஒரு சோதனை அறையைச் செய்தார்கள். ‘கேம்பிரிட்ஜ் காக்பிட்’ என்று அதற்குப் பெயர். விமானிகளை அதில் மணிக்கணக்கில் உட்காரவைத்து, களைப்பு என்ன செய்கிறது என்று கவனித்தார்கள். கை தளர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தார்கள். தளர்ந்தது கை அல்ல, கவனம். களைத்த விமானியின் பார்வை நடுவில் இருக்கும் சில முட்களில் ஒட்டிக்கொண்டது. ஓரத்தில் இருக்கும் கருவிகளை, முக்கியமாகப் பெட்ரோல் கணக்கை, மறந்தான். முடியப் போகிறது என்று தெரிந்த கடைசி நிமிஷங்களில் தப்புகள் அதிகமாயின. எல்லாவற்றையும்விட விசேஷம், தான் நன்றாகவே ஓட்டுவதாக அவன் நினைத்துக்கொண்டிருந்தான். இந்த வாக்கியத்தை நான் எழுதும்போது விமானிகளை மட்டும் நினைத்துக்கொண்டு எழுதவில்லை.

கிரெய்க் 1945 மே மாதம், ஐரோப்பாவில் யுத்தம் முடிந்த அதே நாட்களில், கேம்பிரிட்ஜ் தெருவில் சைக்கிளில் போகும்போது விபத்தில் இறந்தார். வயது 31. ஆகாயத்தில் மனிதர்கள் எப்படிக் கவனம் சிதறிச் சாகிறார்கள் என்று ஆராய்ந்தவருக்குத் தெருவில் நேர்ந்தது அது.

மூன்றாமவர் அமெரிக்கர், அல்ஃபோன்ஸ் சபானிஸ். குண்டு வீசும் பெரிய விமானங்கள் பத்திரமாகத் தரையில் இறங்கிய பிறகு, விமானிகள் திடீரென்று சக்கரத்தை மடக்கிவிட்டு வயிற்றால் தேய்த்துக்கொண்டு போனார்கள். ‘விமானியின் தவறு’ என்று கோப்பை மூடினார்கள். 1943 வாக்கில் சபானிஸ் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்தார். சக்கரத்தை மடக்கும் பிடியும், இறக்கையின் பின்மடலை மடக்கும் பிடியும் ஒரே அச்சில் வார்த்தவைபோல அருகருகே இருந்தன. களைத்த கைக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஒரு பிடியின் தலையில் சின்ன ரப்பர்ச் சக்கரம் ஒட்டினார். இன்னொன்றில் ஆப்பு வடிவில் ஒரு துண்டு. தொட்டாலே தெரிந்தது. தப்பு நின்றது. இன்றைக்கும் விமானங்களில் சக்கரப் பிடியின் தலை சக்கரம் போலத்தான் இருக்கிறது. எத்தனையோ பேரைக் குற்றவாளி என்று எழுதிய பேனாக்களால் ஆகாத காரியம், காலணா ரப்பர்த் துண்டால் ஆயிற்று.

இந்தக் கதைகளைத் தெரிந்துகொண்ட பிறகு, மாதிரிக் காக்பிட்டில் ஒரு பிடியைச் செய்து ஒட்டும்போது அது வெறும் குண்டூசித் தலையாகத் தோன்றுவதில்லை. ஸ்பிட்ஃபயரில் சக்கரத்தை ஏற்றும் பிடி விமானியின் வலக்கைப் பக்கம் இருந்தது. எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிடி இடக்கைப் பக்கம். தரையை விட்டு எழும்பியவுடன், இடக்கையை அதிலிருந்து எடுத்து ஓட்டும் கோலைப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சக்கரத்தை ஏற்றவேண்டும். முதலில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் அதுவும் கைப்பம்பு. வலக்கை பம்பு அடிக்க அடிக்க, இடக்கையும் கூடவே ஆடி, புது விமானியின் விமானம் குதிரைபோல் மேலும் கீழும் குதித்துக்கொண்டு போகும். பெட்ரோல் அளவைக் காட்டும் கருவி வலப்பக்கக் கீழ் மூலையில்; அதுவும் ஒரு பொத்தானை அழுத்தினால்தான் காட்டும். களைத்த விமானி எதை மறந்தான் என்று கேம்பிரிட்ஜில் கண்டார்களோ, அதே கருவி!

கருவிகள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். பெரிய வட்டக் கருவி ஒன்றின் குறுக்களவு சுமார் 80 மில்லிமீட்டர். ஒன்றுக்குப் பன்னிரண்டு அளவில் அது மிளகைவிடச் சற்றுப் பெரிது. ஒன்றுக்கு இருபத்து நாலில் ஓர் ஏல அரிசி. ஒன்றுக்கு எழுபத்திரண்டில் ஒரு கசகசா. அந்தக் கசகசாவிலும் முள்ளும் எண்ணும் எழுத முயல்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பழைய வழி ஒன்று உண்டு: கருவி முகப்பைப் படமெடுத்து, ஃபிலிமில் சிறிதாக்கி, பின்னால் வெள்ளை வர்ணம் பூசி, துளை போட்ட கறுப்புத் தகட்டின் பின்னால் ஒட்டுவது. மேலே ஒரு சொட்டு நிறமற்ற வார்னிஷ் விட்டால் கண்ணாடி ஆகிவிடும். ஆசன வாருக்கு மாத்திரை அட்டையின் பின்புறத் தகடு. கொக்கிக்கு மெல்லிய செப்புக் கம்பி. சுவரோரம் ஓடும் குழாய்களுக்கு ஃபியூஸ் கம்பி.

ஸ்பிட்ஃபயருக்குத் தரை கிடையாது. கால் வைக்க இரண்டு பட்டைகள். அவற்றுக்குக் கீழே வெறும் வயிறு. பென்சில் விழுந்தால் போனதுதான். கால் மிதிகள் இரண்டு அடுக்கு. சண்டையில் சடாரென்று திரும்பும்போது ரத்தம் தலையிலிருந்து காலுக்கு இறங்கிக் கண் இருண்டுவிடும். கால்களை மேல் அடுக்கில் தூக்கி வைத்துக்கொண்டால் அது கொஞ்சம் தாமதப்படும். ஓட்டும் கோலை முழுக்கப் பக்கவாட்டில் சாய்க்க இடம் இல்லாததால், அதன் மேல்பாதி மட்டும் தனியே சாயும். நடுவில் ஒரு கீல். இந்தக் கீலைச் செய்யும்போதுதான் அந்த அறை எவ்வளவு குறுகியது என்பது விளங்குகிறது. புஸ்தகத்தில் படித்தால் ‘குறுகிய அறை’ என்பது இரண்டு வார்த்தை.

இப்போது ஒரு தர்மசங்கடம். அசலில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியத் தகடு, என் மாதிரியில் 0.08 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். செய்தித்தாள் கனம். அதில் சுவர் நிற்காது. ஆகவே மரத்தைக் கனமாகவே விட்டு, கண்ணுக்குத் தெரியும் விளிம்பை மட்டும் சீவி மெலிதாக்குகிறோம். வெளிச்சமும் அளவுக்குத் தக்கபடி சுருங்குவதில்லை. ஆறடி அறையின் மூலையில் விழும் இருட்டு, ஆறு அங்குல அறையில் விழாது. ஆகவே மூலைகளில் கறுப்பை நீர்க்கக் கரைத்து ஓடவிட்டு, முனைகளில் காய்ந்த தூரிகையால் வெளிர் வர்ணம் தேய்த்து, இல்லாத நிழலை உண்டாக்குகிறோம். பொய்தான். ஆனால் இந்தப் பொய் இல்லாவிட்டால் உண்மை தெரியாது. சரித்திர நாவல் எழுதுகிறவர்களுக்கு இது பழக்கமான சங்கடம். ராஜா என்ன பேசினான் என்பது நமக்குத் தெரியாது. பேசாத ராஜாவை வைத்துக் கதை நடத்தவும் முடியாது.

அப்படியானால் எந்தப் பொய்க்கு அனுமதி, எதற்கு இல்லை? பிற்காலத்து ஸ்பிட்ஃபயர்களில் இடப்பக்கக் கதவின் உட்புறம் ஒரு சிறு கடப்பாறை மாட்டியிருக்கும். மேல் மூடி சிக்கிக்கொண்டால் நெம்பிக்கொண்டு வெளியே குதிக்க. மாதிரி செய்கிறவர்கள் பலர் அதற்குப் பளிச்சென்று சிவப்பு வர்ணம் அடிக்கிறார்கள். மியூசியங்களில் உள்ள விமானங்களில் சிவப்பாகத்தான் இருக்கிறது. யுத்த காலத்தில் அது சிவப்பு இல்லை என்பது, பழைய விமானங்களை நுணுகி ஆராய்ந்தவர்கள் சொல்வது. பிற்பாடு பழுது பார்த்தவர்கள் அடித்த வர்ணம், சரித்திரமாகிவிட்டது. பார்வைக்கு என்னவோ சிவப்புதான் அழகு. பச்சைச் சாம்பல் சுவரில் ஒரு செம்பருத்தி மாதிரி. ஆனால் உயிர் தப்ப ஒருவன் தேடிய கருவியை, அவன் தேடிய நிறத்தில் காட்டவேண்டும் என்பது என் கட்சி. நிழலைப் போட்டுக்கொள்ளலாம், கடப்பாறைக்கு நிறம் மாற்றக்கூடாது. கண்ணுக்கு உதவும் பொய் வேறு, சாட்சியைக் கலைக்கும் பொய் வேறு.

நம் நாட்டில் ஆளளவு மாதிரிகள் செய்த கதையைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை அரைகுறையாகிவிடும். 1956-ல் ஜெர்மன் நிபுணர் குர்ட் டாங்க் தம் சகாக்களுடன் பெங்களூர் வந்தார். யுத்தத்தில் ஃபோக்கே வுல்ஃப் 190 என்ற புகழ்பெற்ற சண்டை விமானத்தை அமைத்தவர். ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் நமக்காக ‘மருத்’ என்ற ஜெட் விமானத்தை உருவாக்கினார். எஞ்சின் பொருத்திப் பறக்கவிடுவதற்கு முன்னால், அதே அளவில், அதே வடிவில், எஞ்சின் இல்லாமல் மரத்தாலேயே ஒரு விமானம் செய்தார்கள். 1959-ல் டக்கோடா விமானம் ஒன்று அதைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மேலே போய் விடும். அது மிதந்து இறங்கும். ஒன்றுக்கு ஒன்று அளவில் ஒரு பொம்மை! ஆனால் உள்ளே உட்கார்ந்தவர்கள் பொம்மைகள் அல்ல. 1961 ஜூன் 17-ல் அசல் மருத் பறந்தது. ஓட்டியவர் சுரஞ்சன் தாஸ். அந்த விமானத்தின் புதிய வகை ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில் 1970 ஜனவரியில் விபத்தில் அவர் உயிரிழந்தார். மருத் விமானங்கள் 1971 யுத்தத்தில் ராஜஸ்தான் முனையில் போரிட்டன. ஒன்றைப் பெங்களூரில் விமானத் தொழிற்சாலையின் மியூசியத்தில் இன்றும் பார்க்கலாம்.

அதே காலத்தில் ராமேசுவரத்துப் பிள்ளை ஒருவர் குரோம்பேட்டையில் மதராஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அங்கே பாடம் சொல்லிக்கொடுப்பதற்காகச் சேவையிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களை நிறுத்தியிருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவர் அவற்றின் அருகில் உட்கார்ந்திருப்பாராம். விமானியாக வேண்டும் என்பது அவர் கனவு. 1958-ல் டேராடூனில் விமானப் படைத் தேர்வுக்குப் போனார். இருபத்தைந்து பேரில் எட்டுப் பேரை எடுத்தார்கள். அவர் ஒன்பதாவது. டில்லிக்குத் திரும்பி, மாதம் 250 ரூபாய் சம்பளத்தில் பாதுகாப்பு இலாகாவில் விஞ்ஞான உதவியாளராகச் சேர்ந்தார். அங்கே அவர் கைவைத்த வேலைகளில் ஒன்று, ‘உஷ்ண காக்பிட்’ என்ற சோதனை அறையை உருவாக்குவது. தம் சுயசரிதையில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார் அப்துல் கலாம்.

நாவல் எழுதுகிறவனால் அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு ஸ்தானத்தில் காக்பிட்டைத் தவறவிட்டவர், யாரோ உட்காரப் போகும் காக்பிட்டை, பறக்காத காக்பிட்டை, தரையில் செய்துகொண்டிருக்கிறார். அப்போது அவர் அதில் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்த்திருப்பாரா? இப்படிக் கேட்கலாம்; ‘உட்கார்ந்தார்’ என்று எழுதக்கூடாது. அது கடப்பாறைக்குச் சிவப்பு அடிக்கிற காரியம். நிச்சயமாகச் சொல்லக்கூடியது இது: 2006 ஜூன் 8-ல், புனே விமானத் தளத்திலிருந்து சுகோய்-30 என்ற போர் விமானத்தில் அவர் ஏறிப் பறந்தார். அப்போது அவர் குடியரசுத் தலைவர், வயது 74. டேராடூனுக்கும் புனேக்கும் நடுவில் நாற்பத்தெட்டு வருஷங்கள். இலவு காத்த கிளிக்குப் பஞ்சுதான் கிடைக்கும் என்பது எப்போதும் சரியாக இருப்பதில்லை.

பெரும்பாலான மாதிரிக்காரர்கள் காக்பிட்டில் விமானிப் பொம்மையை வைப்பதில்லை. வைத்தால் செய்த வேலையெல்லாம் மறைந்துவிடும் என்பது வெளிப்படையான காரணம். எனக்கு வேறொரு காரணமும் தோன்றுகிறது. நாட் என்று ஒரு சின்னஞ்சிறு ஜெட் விமானம் நம்மிடம் இருந்தது. நாட் என்றாலும் கொசு ஜாதிதான். இங்கிலாந்தில் பெட்டர் என்பவர் அமைத்தது. பெங்களூரில் நாமே உற்பத்தி செய்தோம். இறக்கை நுனியிலிருந்து நுனிக்கு 22 அடி 2 அங்குலம். எழுபத்திரண்டில் ஒரு பங்கில் உள்ளங்கையில் அடங்கிவிடும். 1971 டிசம்பர் 14-ல் ஸ்ரீநகர் விமானத் தளத்தை ஆறு சேபர் விமானங்கள் தாக்கியபோது, குண்டுகள் விழுந்துகொண்டிருந்த ஓடுதளத்திலிருந்து ஒரு நாட்டைக் கிளப்பிக்கொண்டு போய்ச் சண்டையிட்டு மாண்டார் நிர்மல்ஜித் சிங் சேகோன். பரம வீர சக்கரம் பெற்ற விமானப் படையினர் அவர் ஒருவரே. அப்படிப்பட்ட ஆசனத்தைச் சிறிதாக்கிச் செய்யலாம், வாரைச் செய்யலாம், கொக்கியைச் செய்யலாம். உட்கார்ந்தவரைச் செய்ய முடியாது.

வாரை எப்படிப் போடுவது என்பது இந்த வேலையில் கடைசிப் பிரச்னை. மாட்டியபடி வைத்தால் உள்ளே ஆள் இல்லாதது பொருந்தாது. மடித்து அழகாக வைத்தால் மியூசியம்போல் இருக்கும். எழுந்து போகிறவர் விட்டுவிட்டுப் போனதுபோல, ஒரு பட்டை ஆசனத்தின் மேலும் ஒரு பட்டை வெளியிலுமாகத் தொங்கவிடுவதுதான் முறை. அப்போதுதான் அந்த ஆறு அங்குல அறை, யாரோ திரும்பி வரப்போகிற இடம்போல இருக்கிறது.